வக்காலத்து போடாத வக்கீல்

2010 டிசம்பர். பாலசமுத்திரத்துக்காரர் ஒருவர் பழனியில் என் ஆபீசுக்கு வந்து மேஜைமேல் செல்போனை வைத்தார். "எல்லாம் இதுக்குள்ள இருக்குதுங்க சார்" என்றார்.

கொய்யாத் தோப்பை விற்றவர். தரகர் இவரிடம் கமிஷன் வாங்கினார். வாங்கியவரிடம் இவருக்குத் தெரியாமல் இன்னொரு கமிஷன். ஒருநாள் போனில் தரகரே அதை உளறிவிட, இவர் பதிவு செய்துவிட்டார். போன் பேச்சு கோர்ட்டில் செல்லுமா என்று நான் இழுத்ததும், "டில்லி கேஸே போன் பேச்சுலதானுங்க ஓடுது" என்று மடக்கினார்.

அவர் சொன்னது நீரா ராடியா டேப். 2008, 2009இல் வருமான வரித் துறை ராடியாவின் போனை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தது; 2010 நவம்பரில் 'ஓப்பன்', 'அவுட்லுக்' இதழ்கள் வெளியிட்டன. டாடா, முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் என இரண்டு பெரிய தொழில் குழுமங்களுக்கும் மக்கள் தொடர்பு பார்த்தவை ராடியாவின் நிறுவனங்கள்தான். 2009 மே மாதம் மத்திய அமைச்சரவையில் யாருக்கு எந்த இலாகா, தி.மு.க.வில் யாரைப் பிடிப்பது என்றெல்லாம் பெரிய பத்திரிகையாளர்களோடு பேசியது அதில் இருந்தது. அந்தரங்கம் போயிற்று என்று ரத்தன் டாடா அதே நவம்பரில் உச்ச நீதிமன்றம் போனார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் வேறொரு வழக்கில். ராடியா 2011இலேயே தொழிலை மூடிவிட்டார். டேப்புகளில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்று சி.பி.ஐ. சொன்னது 2022இல்.

எனக்கு உறுத்தியது ஒட்டுக்கேட்டது அல்ல. நாங்கள் ஒருவருக்காக வாய் திறக்குமுன் வக்காலத்து போடுகிறோம். எந்தப் பக்கத்து ஆள் என்று வராண்டாவில் நிற்கிறவருக்கும் தெரியும். ராடியா யாருக்காகப் பேசுகிறார் என்பது போனில் இருந்த நிருபருக்குத் தெரியும். மறுநாள் பேப்பர் படிக்கிறவருக்குத் தெரிய வழியில்லை. என் கட்சிக்காரர் நின்றதும் அந்த இடத்தில்தான்.

ஒப்பந்தச் சட்டம் 216ஆம் பிரிவில் வழக்குப் போட்டேன்: முதலாளிக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் அடித்த லாபத்தை முதலாளி கேட்கலாம். வாய்தா மேல் வாய்தா. பேச்சைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சி.டி.யில் ஏற்றித் தாக்கல் செய்திருந்தோம். 2014 செப்டம்பரில் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சியச் சட்டம் 65பி பிரிவின் சான்று இல்லாத சி.டி. சாட்சியமாகாது என்றுவிட்டது. சான்று தயாரிக்கப் போனைக் கேட்டேன். "அதை எக்ஸ்சேஞ்சுல போட்டு புதுசு வாங்கிட்டேனுங்களே!" கையில் மிச்சம் இருந்தது குறுக்கு விசாரணை ஒன்றுதான்.

கூண்டில் தரகர் வெள்ளை வேட்டியில், பதற்றமே இல்லாமல் நின்றார்.

"விற்றவருக்காகப் பேசினீர்களா, வாங்கியவருக்காகவா?"

"ரெண்டு பேருக்கும் இல்லீங்க. தோப்புக்காகப் பேசினேன்."

நீதிபதி நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, அதை அப்படியே அடிக்கச் சொன்னார்.