செய்முறை நோட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்துகிறார் ஒருவர். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பிள்ளைகளுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு டூவீலரில் திரும்பியவர்மீது நான்குவழிச்சாலையில் கார் மோதிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மதுரையில் ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். அதற்கு நாங்கள் பணம் கட்டவில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் தருகிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் தனியாரும் உண்டு. தெரியாதவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

“அதான் இலவசமா முடிஞ்சிருச்சே சார், அப்புறம் எதுக்கு வசூல்?” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் ஐயா மற்ற செலவெல்லாம் ஆரம்பிக்கிறது. மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டோம். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பவருக்கு 24,000. கூடவே இருந்து தூக்கி உட்கார வைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் 45,000. வாக்கர், மாத்திரை, எக்ஸ்ரே, மதுரைக்குப் போய்வரக் கார் வாடகை 21,000. மொத்தம் 90,000 ரூபாய். பயிற்சியை விட்டுவிட்டால் முழங்கால் மடங்காமல் இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இல்லத்தின் கணக்கில் பணம் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “பிள்ளைக காசு சார் அது. அதுல கை வைக்கச் சொல்லாதீங்க” என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

அப்போது எனக்கு டோனாவூர் அம்மா நினைவுக்கு வந்தார். அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆனாலும் இல்லம் நின்றுவிடவில்லை. அவரைச் சுற்றி வேலையைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள். அவர் படுக்கையில் இருந்தபடியே புத்தகங்கள் எழுதினார்.

நம் ஆளுக்கு இருப்பதோ சமையலுக்கு இரண்டு அக்காமார், ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன். அவர் கேட்க மாட்டார். அதனால் நாங்கள் சிலர் கேட்டோம்.

“பிள்ளைங்க அழுற மாதிரி ஒரு போட்டோ போடுங்க சார், பணம் கொட்டும்” என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் போட்டிருக்க மாட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் படம் முன்னால் போய் நிற்கும்.

போட்டோவுக்குப் பதில் ஒரு நோட்டு வாங்கினோம். தெருத்தெருவாகப் போனோம். பூக்கட்டும் அம்மா 50 ரூபாய் கொடுத்தார். மேளக்காரர் ஒருவர் திருவிழாவுக்கு வாங்கிய முன்பணத்திலிருந்து 501 கொடுத்தார். இல்லத்தில் வளர்ந்து இப்போது திருப்பூரில் தையல் வேலை செய்யும் பெண் 5,000 அனுப்பியது.

விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “என் பேரைச் சொல்லிக் கை நீட்டிட்டீங்களே சார்” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் குற்றம் செய்தது போல ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். “தம்பி, உன் இல்லத்துப் பொண்ணுக எத்தனை பேர் கல்யாணத்துல அப்பா ஸ்தானத்துல நின்ன? அதுக பிள்ளைகளுக்குக் காது குத்துறப்ப, தாய்மாமன் இல்லைன்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு மேளம் வச்சுச் சீர்த்தட்டோட போனியே. ஊர்ல எல்லார் விசேஷத்துலயும் மொய் எழுதியிருக்க. உன் வீட்ல ஒரு விசேஷம் நடந்ததே இல்ல. திருப்பிச் செய்ய யாருக்கும் வழியே இல்லாமப் போச்சு. இப்ப செய்றாங்க. இது பிச்சை இல்லப்பா, மொய்.”

பதில் சொல்லவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். சில இடத்தில் வெறும் ‘அன்பர் – 200’ என்று இருந்தது. “இது யார் சார்?” என்றார். பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள் என்றேன். “பேர் இல்லாட்டி நான் எப்படித் திருப்பிச் செய்றது?” என்று கேட்டார்.

இன்று காலை வரை சேர்ந்தது 63,450 ரூபாய். இன்னும் 26,550 வேண்டும். வரவு செலவு இரண்டும் அதே நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நேற்று அவர் வாக்கரைப் பிடித்து வாசல்படி வரை வந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பணம் முடியாதவர்கள் சாயங்காலம் அரை மணி நேரம் வந்து அவர்கூட நடந்தாலும் போதும், அல்லது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். கொடுப்பவர்கள் எவ்வளவு சிறிய தொகையானாலும் பெயரும் ஊரும் எழுதாமல் போகாதீர்கள். அவர் கண்டிப்பாகக் கேட்பார்.