கிணற்றடிக் கற்பூரவள்ளி

எம் வளவில் துளசிக்கு மாடம் உண்டு. மல்லிகைக்குப் பந்தல் உண்டு. கற்பூரவள்ளிக்கோ கிணற்றடி மூலையில் வாயுடைந்த பானை ஒன்றே வாய்த்தது. எனினும் மாரிகாலத்தில் பிள்ளையொன்று இருமத் தொடங்கினால் அயலார் தேடி வருவது அந்த உடைந்த பானையைத்தான்.

துளசியும் இதுவும் ஒரே குடும்பத்தன. இலைகள் இரண்டிரண்டாய் எதிரெதிரே நிற்கும். 1790இல் லொரெய்ரோ என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார் இதனை விவரித்தபோது அம்போன் தீவின் பெயரைச் சூட்டினார்; ஆயினும் ஆபிரிக்காவின் கிழக்கும் தெற்கும், அரேபியா, இந்தியா ஆகியனவே இதன் இயற்கை நிலங்கள் என்பர். கசக்கினால் ஓமம் மணக்கும். ஓமத்துக்கு மணந்தரும் தைமோல் இவ்விலையின் எண்ணெயிலும் உண்டு. தமிழகத்தார் இதனை ஓமவல்லி என்பதும் பொருத்தமே.

வளர்க்க விரும்புவோர் விதை தேடி அலைய வேண்டியதில்லை. நான்கைந்து அங்குல நீளமான கொப்பொன்றை முறித்து, அடியிலைகளைக் களைந்து, முறித்த வாய் உலரும்படி ஒரு நாள் நிழலில் இட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினாற் போதும். இரண்டு மூன்று கிழமைகளில் வேர் கொண்டுவிடும். அதன்பின் நாம் செய்யவேண்டியது பெரும்பாலும் சும்மா இருத்தலே. தடித்த இலையினுள் நீரைச் சேமிக்கும் செடியாதலின், மண் காய்ந்த பின்னரே வார்த்தல் வேண்டும். அன்பு மிகுந்தோர் காலையும் மாலையும் வார்த்து வேரை அழுக வைப்பர்! யாழ்ப்பாணத்துக் கோடைக்கு இச்செடி அஞ்சுவதில்லை. கார்த்திகை மழைக்கே அஞ்சும். ஆதலாற் பானையின் அடியில் துளை வேண்டும்; நிலத்தில் நடுவோர் மேட்டுப் பாத்தியில் நடுக. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். சில ஆண்டுகளில் அடித்தண்டு விறகாய் முற்றி, இலை சிறுக்கும். அப்போது புதுக்கொப்பை ஊன்றிவிட்டுப் பழையதை அகற்றலாம்.

அகற்றலாம் என்று எளிதில் எழுதிவிட்டோம். எம் பானையிலுள்ளது அம்மம்மாவின் செடி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எமக்கு வயது 15. அம்மம்மா நகையையும் காணி உறுதியையும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஈரச்சீலையிற் சுற்றிய நான்கு கொப்புகளைத் தம் மடியிற் செருகிக்கொண்டார். "இதென்னத்துக்கு இப்ப?" என்று அம்மா சினந்தார். "வழியில பிள்ளையளுக்குத் தடிமன் வந்தா ஆரிட்டைப் போறது?" என்பதே மறுமொழி.

மீசாலையில் எமக்கு இடந்தந்த வீட்டின் வேலியோரம் அவை தழைத்தன. அவ்வீட்டுப் பிள்ளைகளும் யாமும் அம்மாரி முழுவதும், இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றைத் தேன் கலந்து குடித்தோம். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஊட்டலாகாது, மூச்சுத் திணறல் கண்டால் இலையை நம்பியிராது வைத்தியரிடம் செல்க.) 1996 சித்திரையில் மீண்டபோது எம் கிணற்றடியிற் பழைய செடி இல்லை. மீசாலையில் முறித்த கொப்பே அங்கு ஊன்றப்பட்டது. அதன்பின் எத்தனையோ முறை தண்டு முற்றியது. எத்தனையோ முறை கொப்பு மாற்றினோம். அம்மம்மா மறைந்தும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர் கைபட்ட செடி இன்னும் இருக்கிறதா, இல்லையா என்ற ஐயம், கத்தியை எடுக்குந்தோறும் எம்மை உறுத்தியதுண்டு.

ஒருநாள் வகுப்பில் இச்செடியின் வயது யாதென வினாவினோம். இறுதியாக ஊன்றிய நாளிலிருந்து எண்ணினான் ஒருவன். பின்வாங்கில் இருந்தவனோ எழுந்து, "விதையில முளைச்சாத்தான் சேர் அது பிள்ளை. கொப்பில வந்தா அதே ஆள்தானே!" என்றான். வகுப்புச் சிரித்தது. ஆயினும் தாவரவியல் அவன் பக்கமே நிற்கிறது. கொப்பிலிருந்து வளர்வது தாய்ச்செடியின் உடலே. இடையில் வேறொன்று வந்து கலப்பதில்லை.

மறுநாள் அவனே ஒரு கொப்புக் கேட்டு வந்தான். ஒன்று பட்டாலும் மற்றது பிழைக்குமென்று இரண்டு கொடுத்து, மாரி தொடங்குமுன் ஊன்றச் சொன்னோம்.