பிடித்து வைத்திருப்பது யார்?

சிறிய கார் ஒன்றை வாங்கிய குடும்பத்தார் சில மாதங்கள் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சாமி, கொஞ்சம் செலவு செய்தால் இதன் வேகத்தைக் கூட்டலாமாமே?" பழைய காரொன்றை மலைப்பாதையில் நெடுநாள் ஓட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். விடை எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்கதன்று. எனினும் சொல்கிறேன்.

அப்போது நான் பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள ஒரு பங்கில் இருந்தேன். பங்குக்கென்று 2005-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று இருந்தது. நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிவைத்த வண்டி அது. 1983 டிசம்பர் 14 அன்று அதன் முதல் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 2014 சனவரியில் அதன் தயாரிப்பு நின்றது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், 37 குதிரைத்திறன், ஏறக்குறைய 650 கிலோ எடை. சமவெளியில் குறையொன்றும் சொல்வதற்கில்லை. மலை ஏறும்போதுதான் பெருமூச்சு விடும்.

2018-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒருநாள் மாலை 7 மணிக்கு மலைமேலுள்ள கிளைப்பங்கிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் இறக்கும் தறுவாயில் இருப்பதாகவும், அவஸ்தைப்பூசுதல் கேட்பதாகவும் அவர் மகன் சொன்னார். "வருகிறேன்" என்றேன். சென்றேன், ஆனால் வண்டி ஏறவில்லை. இரண்டாவது கியரிலும் திணறியது. வளைவுகளில் முதல் கியருக்கு இறங்கியது. ஒரு மணி நேரப் பாதைக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று. நான் சேர்ந்தபோது இரவு 9.45. அம்மூதாட்டி 9 மணிக்கே கண்மூடியிருந்தார். "சாமி வந்திட்டாரா, சாமி வந்திட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் மகன். அதில் கோபமில்லை, அதுதான் என்னைச் சுட்டது. இறந்தோருக்கான செபங்களைச் சொன்னேன். பிறகு வாசலில் நின்ற காரைக் காட்டி, "இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றேன்.

செய்தி பங்கில் பரவியது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளைஞர்கள் சிலர் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். அகன்ற டயர்கள், திறந்த வகை ஏர் ஃபில்டர், உறுமும் சைலன்சர், எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். பணத்தை அவர்களே திரட்டிவிடுவார்களாம். அவர்களுடைய அன்பு உண்மையானது. நானும் ஏறத்தாழ இசைந்துவிட்டேன். ஆனால், வேலைக்கு ஒப்படைக்குமுன் எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று வண்டியைக் கொண்டுபோனேன்.

அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அது சுற்ற மறுத்தது. ஹேண்ட் பிரேக்கின் கேபிள் துருவேறி, விடுவித்த பிறகும் பிரேக்கைப் பாதி பிடித்தபடியே இருந்தது. டயர்களில் காற்று குறிப்பிட்ட அளவைவிட மிகக் குறைவு. ஏர் ஃபில்டரைத் தட்டினார், செம்மண் கொட்டியது. ஸ்பார்க் பிளக் மூன்றும் தேய்ந்திருந்தன. கடைசியில் டிக்கியைத் திறந்தார். சென்ற ஆண்டுக் குடில் சாமான்கள், பழுதான ஒலிபெருக்கி, விற்காத பாட்டுப் புத்தகக் கட்டுகள், பத்துக் கிலோ மெழுகு. நிறுத்துப் பார்த்தபோது 60 கிலோவுக்கு மேல் இருந்தது.

"வண்டிக்குப் பலம் இல்லைன்னு யார் சொன்னது சாமி? அது ஓடத்தான் பார்க்குது. நீங்கதான் பிடிச்சு வச்சிருக்கீங்க" என்றார்.

எல்லாவற்றையும் சரிசெய்து அவர் வாங்கியது 3,000 ரூபாய்க்கும் குறைவு. மறுவாரம் அதே மலையை அதே வண்டி ஒரு மணி நேரத்தில் ஏறியது.

ஆகவே, கேட்கும் குடும்பங்களுக்கு அவரிடம் கற்றதையே சொல்கிறேன். முதல் ரூபாய் பிரேக்குக்கும் டயருக்கும் போகட்டும். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் அது சூடாகிக் கொதித்தால் பிரேக் பிடிக்காது. எனவே இரண்டு ஆண்டுக்கொருமுறை அதை மாற்றுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது சிறிய கியரிலேயே இறங்குங்கள். அடுத்தது ஏர் ஃபில்டர், பிளக், வீல் அலைன்மெண்ட். மூன்றாவது, சுமை. 650 கிலோ வண்டியில் 65 கிலோவை இறக்குவது பத்தில் ஒரு பங்கை இறக்குவதாகும்; அதற்குக் காலணாச் செலவில்லை. 37 குதிரைத்திறன் எஞ்சினை நூற்றுக்கு ஐந்து கூட்டினாலும் கிடைப்பது இரண்டு குதிரைகூட இல்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்று மெலிந்து எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். வாங்கிய இரண்டு குதிரையையும் மலையே தின்றுவிடும். அளவுக்கு மீறிய டயர் கனமானது. சிறிய எஞ்சினுக்கு அது மேலும் ஒரு சுமை. உறுமும் சைலன்சர் கொடுப்பது பெரும்பாலும் ஓசைதான். மேலும், பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

இத்துடன் முடித்திருந்தால் இது காரைப் பற்றிய கட்டுரையாகவே நின்றிருக்கும். ஆனால் அன்று பணிமனையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கணக்கு என் மனத்தில் தானே எழுந்தது. வாசகர்களில் சிலர் அதை முன்பே போட்டிருப்பீர்கள். அழைப்பு வந்தது 7 மணிக்கு. பயணம் ஒன்றரை மணி. நான் சேர்ந்ததோ 9.45. இடையிலே ஒன்றேகால் மணி நேரம் எங்கே போயிற்று?

பங்குமனையில் திருவிழாக் கணக்குக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வரவு செலவில் சிறு தகராறு. அம்மூதாட்டி அதற்குமுன் இருமுறை அழைத்து, இருமுறையும் எழுந்து உட்கார்ந்துகொண்டவர். 'இம்முறையும் அப்படித்தான் இருக்கும். கூட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம்' என்று இருந்துவிட்டேன். வண்டி என்னிடமிருந்து திருடியது அரை மணி. அவரிடமிருந்து நான் திருடியது ஒன்றேகால் மணி. வண்டி புத்தம் புதிதாயிருந்தாலும் நான் 9.15-க்குத்தான் சேர்ந்திருப்பேன். ஓட்டை வண்டியிலேயே உடனே கிளம்பியிருந்தால் 8.30-க்கு அவர் கையைப் பிடித்திருப்பேன்.

அடுத்த முறை மலைக்குப் போனபோது அந்த மகனிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "காபி சாப்பிட்டுப் போங்க சாமி" என்றார். அந்தக் காபியை நான் மறக்கமாட்டேன்.

அருள் நம் இயல்பை ஒதுக்கிவிட்டு வேலை செய்வதில்லை என்று குருமடத்தில் படித்தேன். 'ஆண்டவரே, எனக்கு இன்னும் பலம் தாரும்' என்று நாம் மன்றாடுகிறோம். செபிக்க நேரமில்லை, பொறுமை இல்லை, பிள்ளைகளோடு பேச முடியவில்லை என்கிறோம். கொடுத்த பலத்தைப் பிடித்து வைத்திருக்கும் துருவேறிய கேபிள் எது, டிக்கியில் ஏற்றிவைத்து மறந்த பழைய மூட்டை எது என்று பார்ப்பதில்லை. புதிதாக ஒன்றை வாங்குவது இன்பமாயிருக்கிறது. பழையதை இறக்கிவைப்பது வெட்கமாயிருக்கிறது.

அப்பங்கில் இருந்த காலமெல்லாம் சனிக்கிழமைதோறும் டயரின் காற்றை நானே அளந்தேன். டிக்கியில் ஸ்டெப்னியும் கருவிகளும் தவிர வேறொன்றும் இல்லை. நோயாளர் எண்ணெயும் ஸ்தோலாவும் எப்போதும் தோள்பையில் தயாராயிருந்தன. சனிக்கிழமையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அது என் ஆன்ம சோதனைக்கு உரிய நாள். சக்கரத்தருகே குனிந்தபடியே அதையும் தொடங்கிவிடுவேன்.