வீட்டு விலாசத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்

திருவொற்றியூரில் சாயங்காலம் கடற்காற்று எழும்பினால் வாசலில் பாய் விரித்து உட்காருவோம். யோகோஹாமாவில் ஜனவரி மாதம் அடிக்கிற கடற்காற்றுக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றால், காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் கடல், இதுவும் கடல்! மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. இரண்டு பேரையும் கண் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிக் கட்டிக்கொண்டு நாங்கள் வந்து சேர்ந்த இடம் சுருமி வார்டு.

1859-இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்ட துறைமுகம் யோகோஹாமா. அதன் வடகிழக்கு ஓரத்தில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் தொழிற்சாலைகளும் கால்வாய்களும் நிறைந்து கிடப்பது சுருமி. கிரேன், குழாய், எண்ணெய்த் தொட்டி, புகைபோக்கி. முதல் நாள் காலையில் திரையை விலக்கிப் பார்த்த மகள், "அம்மா, எண்ணூரு!" என்று கத்தினாள். வாசனைதான் வேறு. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். தெற்கே திரும்பினால் காசிமேட்டு மீன், மேற்கே திரும்பினால் மணலி கேஸ் நெடி, நடுவில் டயர் ஃபாக்டரி ரப்பர். இங்கே காலையில் மூக்கில் ஏறுவது வெறும் குளிர். சாயங்காலம் சின்ன லாரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டு போவார்கள், அந்த வாசனை தெரு முழுக்க நிற்கும். இரும்பும் எண்ணெயுமான ஊரில் கிழங்கு வாசனை!

என் கணவருக்குத் துறைமுகக் கிரேன் சம்பந்தமான வேலை, அது வந்த உடனே ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் பார்ப்பது என் பொறுப்பு. சென்னையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு அந்தப் பொறுப்பின் எடை தெரியும். விண்ணப்பத்துக்கு விடியுமுன்னே வரிசை, அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ, வாய்விட்டுச் சொல்லாத நன்கொடை. ஆகவே ஒரு பெரிய ஃபைலோடுதான் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ், டி.சி., மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசி அட்டை, சாதிச் சான்றிதழ், ஒரு கத்தை பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

கவுன்டரில் இருந்த அம்மாள் ஒரு டேப்லெட்டை நிமிர்த்தி வைத்தார். அதன் திரையில் எங்கோ உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். எங்கள் வசிப்பிட அட்டைகளை மட்டும் வாங்கிப் பார்த்து, விலாசத்தை ஒரு வரைபடத்தில் விரலால் தேடி, "உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளி" என்று ஒரு தாளை நீட்டினார். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கட்டணம் கிடையாது, பாடப்புத்தகம் இலவசம், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அப்போது மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருந்தது. நுழைவுத் தேர்வு? இல்லை. இன்டர்வியூ? டேப்லெட்டில் இருந்தவர் அந்தக் கேள்வியை இரண்டு தரம் கேட்டு வாங்கித்தான் மொழிபெயர்த்தார். அந்த அம்மாளுக்கு அது விளங்கவே இல்லை. வயதுக்கேற்ற வகுப்பு, அவ்வளவுதான். பள்ளிக்கு போன் செய்துவிட்டு, "நாளைக்கு வர முடியுமா?" என்று எங்களைக் கேட்டார். என் ஃபைலின் ரப்பர் பேண்டைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே முதலில் கேட்ட கேள்வி, "பிள்ளையைச் சேர்க்க விரும்புகிறீர்களா?" என்பது. ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாயம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி அந்தக் கட்டாயம் இல்லை, கேட்டால் இடம் உண்டு. கேட்கத் தெரியாதவர்கள் என்ன ஆவார்கள்? 2019-இல் ஜப்பான் கல்வி அமைச்சகம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருக்கலாம் என்று தெரியவந்தது. இவ்வளவு ஒழுங்கான நாட்டில் இப்படியொரு ஓட்டை இருப்பது எனக்கு வலித்தது.

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வேறு வழி சொன்னார்கள். 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறி, இப்போது எடோகாவா வார்டில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள். 2004-இல் ஒன்று, 2006-இல் ஒன்று என இந்தியப் பள்ளிகளும் வந்துவிட்டன. "ரெண்டு மூணு வருஷத்துல ஊருக்குத் திரும்பணும்னா சி.பி.எஸ்.இ. விட்டுப்போகக் கூடாதும்மா" என்றார் ஒரு நாகர்கோவில் அக்கா. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு நடந்து போகும் பள்ளி என்று ஒன்று கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டு மகளை மணிக்கணக்கில் ரயிலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே கிளம்பினோம். தெருவில் நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது! ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகள், தலையில் மஞ்சள் தொப்பி, முதுகில் பெட்டி மாதிரித் தோல் பை, அந்தக் குளிரில் அரைக்கால் சட்டை. கூட அம்மா இல்லை, ஆட்டோ இல்லை, வேன் இல்லை. தானாக நடந்து போகிறார்கள். தெரு முனையில் ஒரு தாத்தா மஞ்சள் கொடியை நீட்ட, கார் நிற்கிறது, பிள்ளைகள் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டுக் கடக்கிறார்கள். எந்தத் தெரு வழியாகப் பிள்ளை வர வேண்டும் என்று பள்ளியே பாதை குறித்துக் கொடுக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில், இரண்டு லாரிக்கு நடுவே பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் எனக்குப் பழக்கம். இங்கேயும் துறைமுகம்தான், இங்கேயும் லாரிதான். ஆனால் பிள்ளை நடக்கும் நேரத்தில் தெரு பிள்ளையுடையது.

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. கழற்றிய பிறகு உள்ளே போட இன்னொரு செருப்பு கொடுப்பதுதான் புதிது. தலைமையாசிரியர் வந்து முதலில் என் மகளைப் பார்த்துக் குனிந்து வணங்கினார், பிறகுதான் எங்களை. மகள் என் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தே தலையைக் குனிந்தாள். சீருடை இல்லை. மைதானம் மண் தரை. சுவரோரம் வரிசையாக ஒற்றைச் சக்கரச் சைக்கிள்கள். சர்க்கஸில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். இங்கே இன்டர்வெல்லில் பெண் குழந்தைகள் கைகோத்துக்கொண்டு அதில் வட்டமடிக்கிறார்கள்! மகள் கோட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

மதியம் இருந்து பார்க்கச் சொன்னார்கள். சமையலறை பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. மணி அடித்ததும் சில பிள்ளைகள் வெள்ளை கோட்டு, வெள்ளைத் தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு அண்டாக்களைத் தள்ளுவண்டியில் வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். சோறு, சூப், கீரை, சுட்ட மீன், பால். பிள்ளைகளே பிள்ளைகளுக்கு அளந்து போடுகிறார்கள். எல்லார் தட்டும் நிரம்பும்வரை ஒரு கை அசையவில்லை. ஆசிரியரும் அதே சாப்பாட்டை அதே அறையில் சாப்பிடுகிறார். அந்த மீன் நம் கானாங்கெளுத்தியின் உறவுக்காரன், தோல் கறுக வாட்டியிருந்தது. மகள் முள்ளை எடுத்த லாவகத்தைப் பார்த்து ஆசிரியை கை தட்டினார். காசிமேட்டு மீன் தின்று வளர்ந்தவள் முள்ளுக்கா பயப்படுவாள்!

ஜப்பானில் இந்தப் பள்ளிச் சாப்பாடு 1889-இல், வடக்கே சுருவோகா என்ற ஊரில், கோயிலில் நடந்த ஒரு பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1954-இல் அதற்கென்று சட்டமே வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க்காரர் நினைவு வந்தது. கொருக்குப்பேட்டையில் பிறந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. பின்னால் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு. வடசென்னையில் ஊன்றிய விதை! ஆனால் நம் ஊரில் அதை "ஏழைப் பிள்ளைகள் சாப்பாடு" என்று சொல்லிச் சொல்லியே, வசதி வந்ததும் அந்தப் பந்தியை விட்டு எழுந்துவிட்டோம். இங்கே மருத்துவர் பிள்ளையும் லாரி ஓட்டுநர் பிள்ளையும் ஒரே அண்டாச் சோறு.

சாப்பிட்டு முடித்ததும் பாட்டு ஒலித்தது, எல்லாரும் துணியை எடுத்தார்கள். தரையில் துணியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, முதுகை உயர்த்திக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டம். முதலில் எனக்கு நெஞ்சு பதைத்தது. நம் பள்ளிகளில் துடைப்பம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறது, கழிவறை கழுவ எந்தத் தெருப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் செய்தித்தாளில் படித்துப் படித்துக் குமைந்தவள் நான். இங்கே விட்டுப்போன பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆசிரியை முட்டி போட்டுத் துடைக்கிறார், ஒரு பையன் அவரை முந்திக்கொண்டு ஓடுகிறான். வேலை வாரத்துக்கு வாரம் சுற்றி வரும் என்றார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காத துடைப்பத்தை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சின்ன மெத்தை கட்டியிருந்தது. எடுத்துப் பிரித்தால் அது தலைக்கவசம், நிலநடுக்கம் வந்தால் தலையில் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் புக வேண்டும். 1923 செப்டம்பர் 1-இல் இந்த ஊரையே தரைமட்டமாக்கிய பூகம்பம் இவர்களுக்கு மறக்கவில்லை. அதில் இறந்த இந்தியர்களின் நினைவாகவும், கை கொடுத்த ஊர்க்காரர்களுக்கு நன்றியாகவும் இந்திய வணிகர்கள் 1930-களில் கட்டிய நீர்மண்டபம் ஒன்று யாமாஷிதா பூங்காவில் நிற்கிறது. பள்ளியில் வருஷம் முழுக்க ஒத்திகை. எனக்கு 2023 டிசம்பர் 26 ராத்திரி கண்முன் வந்தது. பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்களே, அந்த ராத்திரி. எந்தப் பக்கம் ஓட வேண்டும், மூக்கில் எதைக் கட்ட வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யார் ஒத்திகை வைத்தார்கள்? அவர்கள் நாற்காலியிலும் ஒன்று கட்டியிருக்க வேண்டும்.

சாயங்காலம் பிள்ளைகள் ஆசைப்பட்டதால் சுருமி ரயிலில் ஏறினோம். 1926-இல் சரக்கு ரயிலாகத் தொடங்கிய பாதை, தொழிற்சாலைகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறது. அசானோ என்று ஒரு ஸ்டேஷன், கடலைத் தூர்த்த சிமென்ட் அதிபரின் பெயர். தீப்பெட்டிக் கம்பெனி பெயரில் விம்கோ நகர் ஸ்டேஷன் வைத்திருக்கும் எங்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி. 1856-லேயே ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயிலை விட்டவர்கள் ஆயிற்றே! கடைசி ஸ்டேஷன் உமி-ஷிபாவுரா. பிளாட்பாரத்தின் ஓரம் நேரே கால்வாய்த் தண்ணீர். வெளியே போகும் வாசல் தொழிற்சாலைக்குள் திறக்கிறது, ஊழியர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் உட்கார 1995-இல் ஒரு குட்டிப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கவாசாகியில் ஒரு காலத்தில் புகையால் மூச்சு முட்டி, ஜனங்கள் 1982-இல் வழக்குப் போட்டார்கள். 1996-இல் கம்பெனிகள் இழப்பீடு கொடுத்துச் சமரசத்துக்கு வந்தன. அந்த வானத்தைத்தான் அன்றைக்கு அண்ணாந்து பார்த்தேன். நட்சத்திரம் தெரிந்தது. எண்ணூரிலும் இது முடியும்.

ராத்திரி இன்னொரு வேலை காத்திருந்தது. கணக்குப் பாடத்துக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அதில் எண்ணும் வில்லைகள், குச்சிகள், சின்னச் சின்னக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டுமாம். ஒவ்வொன்றிலும்! அரிசி அளவு ஸ்டிக்கரில் ஜப்பானிய எழுத்தில் மகள் பெயரை எழுதி, இடுக்கியால் எடுத்து ஒட்டி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. தோல் பைக்குக் கடையில் 50,000 யென்னுக்கு மேல் கேட்டார்கள். ஆறு வருஷம் படித்து முடித்த ஒரு பெண்ணின் பை, பள்ளி மூலமாகவே எங்களுக்கு வந்தது. இன்னும் ஆறு வருஷம் தாங்கும், அப்படி ஒரு தையல்.

மொழி தெரியாதே என்ற கவலைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்காக யோகோஹாமா நகராட்சி 2017-இல் ஹிமாவாரி என்று ஒரு மையம் திறந்தது, சூரியகாந்தி என்று அர்த்தம். சுருமியிலேயே ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதம் அங்கே போய் வணக்கம் சொல்லவும், வயிறு வலிக்கிறது என்று சொல்லவும், கணக்கு வாசிக்கவும் கற்றுக்கொண்டு மகள் வகுப்புக்கு வந்தாள். அந்த வாரம் திருவொற்றியூரிலிருந்து என் மாமியார் வீடியோவில் வந்தார்.

"இஸ்கூல்ல சேத்துட்டீங்களாடி கண்ணு? எவ்ளோ கட்டுனீங்க?"

"ஒன்னும் கட்டல ஆயா. சாப்பாட்டுக்கு மட்டும்தான்."

"சோறு யாரு போடுறா?"

"இந்த வாரம் நான்தான் ஆயா போடுறேன். வெள்ளை கோட்டு, தொப்பி எல்லாம் குடுத்துருக்காங்க."

"மீனு உண்டா?"

"கானாங்கெளுத்தி மாதிரி ஒன்னு ஆயா. கொழம்பு வெக்கல, சுட்டுட்டாங்க."

"சுட்டுட்டாங்களா? புளி ஊத்தாமயா? போன உங்கம்மா கையில குடு."