சுண்டைக்காய் கால் பணம், கரண்ட் பில் முக்கால் பணம்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஒரு பழமொழி உண்டு. வாங்கின பொருளுக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆன செலவு அதைப் போல மூன்று மடங்கு. பழமொழி சொன்னவர் கூலியோடு நிறுத்திக்கொண்டார். பாவம், அவர் காலத்தில் கரண்ட் பில் கிடையாது!

இன்றைக்கு வீட்டுச் சாமான் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் விலை அந்தக் கால் பணம் மட்டும்தான். மீதி முக்கால் பணம் ரிப்பேர், கரண்ட், மறுபடி வாங்குவது என்று பின்னாலேயே வரும். மொத்தமாக வந்தால் மனுஷன் பதறிப்போவான். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கண்ணிலேயே படுவதில்லை.

ஒரு சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபேன் 1,500 ரூபாய், பி.எல்.டி.சி. ஃபேன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்தில் எட்டுப் பேர் கை முதல் ஃபேன் பக்கம்தான் போகும். இரண்டிலும் காற்று ஒன்றுதானே, எதற்கு டபுள் விலை?

காற்று ஒன்றுதான். குடிக்கிற கரண்ட்தான் வேறு. பழைய பாணி ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 35 வாட்டே போதும். வித்தியாசம் 40 வாட். மதுரை, திருச்சிப் பக்கமெல்லாம் ஃபேன் நிற்பது கரண்ட் போனால்தான் என்பதால், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுவதாகக் கணக்குப் போடலாம்.

40 வாட் x 15 மணி = ஒரு நாளைக்கு 0.6 யூனிட்.
வருஷத்துக்கு 219 யூனிட்.
யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால், 1,095 ரூபாய்.

ஆக, கடையில் மிச்சம் பிடித்த 1,500 ரூபாய் ஒன்றரை வருஷத்துக்குள் கரைந்துவிடுகிறது. ஐந்து வருஷம் ஓடினால் அந்த 'மலிவு' ஃபேன் மற்றதைவிட 3,975 ரூபாய் கூடுதலாக விழுங்கியிருக்கும். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் வீடாக இருந்தால் இன்னும் மோசம். அந்தக் கூடுதல் யூனிட்டுகள் எப்போதும் உச்ச ரேட்டில்தான் போய் உட்காரும்.

ஃபேனாவது பரவாயில்லை, ஓடிக்கொண்டிருக்கும். மிக்ஸி கதை வேறு. விலை குறைந்த சில மிக்ஸி மோட்டார்களில் தாமிரக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருப்பார்கள். தினமும் இட்லி மாவும் தேங்காய்ச் சட்னியும் அரைக்கிற வீட்டில் அது சீக்கிரமே சூடேறி, ஒரு நாள் கருகல் வாசனையோடு நின்றுவிடும். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒரே பதில்தான்: "இதுக்கு காயில் கட்டுற காசுக்கு புதுசே வாங்கிடலாம்க்கா." புதுசு என்றால் எது? மறுபடியும் அதே விலைக்கு, அதே மாதிரி ஒன்று!

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர், தள்ளுவண்டியில் வாங்கின கேஸ் டியூப், கை வைத்தால் சுடுகிற பிளக். இவற்றில் மிச்சமாவது நூறு, இருநூறு. போனால் போவது என்ன என்பதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஜனங்கள் ஏன் மலிவானதையே வாங்குகிறார்கள்? "நம்மாளுங்களுக்குக் கணக்கு தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது தப்பு.

மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வாங்குகிற ஒரு குடும்பம். வாடகை, அரிசி, ஸ்கூல் ஃபீஸ் போக கையில் நிற்பது 1,500 ரூபாய். ஏப்ரல் மாதம் ஃபேன் எரிந்துபோகிறது, வீட்டில் கைக்குழந்தை. இன்னொரு 1,500 ரூபாய்க்கு எங்கே போவது? வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். அஞ்சு வட்டி என்றால் மாதம் 75 ரூபாய், வருஷத்துக்கு 900 ரூபாய். கரண்டில் மிச்சமாகும் 1,095 ரூபாயில் மிஞ்சுவது வெறும் 195. அசல் அப்படியே நிற்கும். பத்து வட்டியாக இருந்தால் வட்டியே 1,800 ரூபாய். நல்ல ஃபேன் வாங்கின குற்றத்துக்கு வருஷம் 705 ரூபாய் நஷ்டம்!

ஆக, அந்தக் குடும்பத் தலைவி மலிவு ஃபேனைக் கை காட்டும்போது கணக்கு தெரியாமல் காட்டவில்லை. அவருக்குக் கிடைக்கிற வட்டி விகிதத்தில் அதுதான் சரியான கணக்கு. பி.காம். முதல் வருஷப் பாஷையில் சொன்னால், கையில் காசு இருப்பவர் முதலினச் செலவாக ஒரே தடவை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். இல்லாதவர் அதையே வருவாயினச் செலவாக ஆயுசு முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறார். டெர்ரி பிராட்சட் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1993-ல் வெளிவந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் இதையே பூட்ஸை வைத்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு 'பூட்ஸ் தியரி' என்று பெயரே நிலைத்துவிட்டது.

வாடகை வீட்டில் இன்னொரு கூத்து. ஃபேன் வாங்கி மாட்டுகிறவர் வீட்டுக்காரர், கரண்ட் பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். கால் பணம் ஒருவருக்கு, முக்கால் பணம் இன்னொருவருக்கு! வீட்டுக்காரர் எதற்காக நல்ல ஃபேன் தேடப் போகிறார்?

அப்படியானால் இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. எல்.இ.டி. பல்பு கதையைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விலைதான் இடித்தது. 2015-ல் மத்திய அரசு 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியது. 2014-ல் ஒரு பல்பு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-ல் 40 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. சில மாநிலங்களில் கரண்ட் பில்லோடு மாதம் 10 ரூபாய் தவணையாகக் கட்டவும் வழி செய்தார்கள். அதாவது, மிச்சமாகிற காசிலிருந்தே பல்புக்கான காசு! ஜனங்களுக்கு யாரும் தனியாக வகுப்பு எடுக்கவில்லை. முதல் நாள் பாரம் குறைந்தது, குண்டு பல்பு தானாகவே ஒதுங்கிப்போனது.

பாத்திரச் சீட்டு போட்டு எவர்சில்வர் அண்டாவும் குத்துவிளக்கும் சேர்த்த அம்மாக்கள் இந்த வித்தையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பொருள் கெடுவதற்கு முன்பே மாசம் நூறு, இருநூறு ஒதுக்கிவைப்பதுதான் சூட்சுமம். கணக்குப் பதிவியலில் அதற்குத் தேய்மான நிதி என்று பெயர். அடுக்களையில் அதற்குப் பெயர் அஞ்சறைப் பெட்டி.

அதற்காக எல்லாவற்றையும் விலை கூடியதாகப் பார்த்து வாங்கினால் அதுவும் ஏமாளித்தனம்தான். துணி கிளிப், குப்பைக் கூடை, டம்ளர் ஸ்டாண்டு எல்லாம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. தினமும் ஓடுவது, கரண்ட் குடிப்பது, நெருப்போடு பழகுவது. இந்த மூன்றில் மட்டும் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் வாட் எவ்வளவு, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் தேடவும் வேண்டியதில்லை, அட்டைப் பெட்டி மேலேயே இருக்கும்.

கடைக்காரர் சொல்கிற விலையோடு அஞ்சு வருஷத்துக் கரண்ட் பில்லையும் சேர்த்து ஒரு தடவை மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் மலிவானதையே எடுத்தால் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவருக்கு வட்டி என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.