புல்வார்

புதுச்சேரியில் 'புல்வார் பகுதி' என்று சொல்லாதவர் குறைவு. புல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரங்கள் நிழல் தரும் அகலமான சாலை என்றுதான் பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குப் பொருள் சொன்னார்கள். அகராதியைப் புரட்டினால் கதை வேறு. மூலம் 'போல்வெர்க்' என்ற பழைய டச்சுச் சொல். மரத்தையும் பலகையையும் அடுக்கிக் கட்டிய அரண். நம் மொழியில் கொத்தளம். சுதந்திர தினச் செய்தியில் 'கோட்டை கொத்தளம்' என்று வருமே, அதேதான். ஆங்கிலத்தில் 'புல்வார்க்' இன்னும் அரணாகவே நிற்கிறது. பிரெஞ்சில்தான் தெருவாகிவிட்டது.

காரணம் பதினான்காம் லூயி. 1670 முதல் பாரிஸ் மதில்களை இடிக்கவைத்து, அந்த இடத்தில் மரம் நட்டு, ஜனங்களை உலாவ விட்டார். சுவர் போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

நம் ஊரில் சுவரை இடித்தது உலாவுவதற்காக அல்ல. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் மதிலையும் தகர்த்தார்கள். பின்னாளில் மதில் ஓடிய வளையத்திலேயே சாலை வந்தது. மேற்கு புல்வார் இன்று அண்ணா சாலை, வடக்கு சர்தார் படேல் சாலை, தெற்கு சுப்பையா சாலை. புதுப் பெயர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அவற்றில் மதில் இல்லை. பழைய பெயரில் இருந்தது. அண்ணா சாலையில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடுகிறவர் சுற்றுவது பழைய மதிலைத்தான்.