பனிக்காலத்துக் கடல்

நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் பனி பெய்யத் தொடங்கியதும் வசதிபடைத்த அமெரிக்கர் தென்திசை நோக்கிப் புறப்படுவது நெடுநாள் வழக்கம். புளொறிடாவின் தென்முனையிலிருந்து வில்போல வளைந்து கிடக்கின்றது ஒரு சிறுதீவுக் கூட்டம். அதனை ஒட்டி ஓடும் வளைகுடா நீரோட்டம் பனிக்காலத்திலும் வெதுவெதுப்புக் குன்றுவதில்லை. 1912ஆம் ஆண்டில் ஹென்றி பிளாக்லரின் இரயிற்பாதை கடலைக் கடந்து கீ வெஸ்ற் வரை எட்டியது. அப்பாதையோரத்தே லோங் கீ தீவில் எழுந்த மீன்பிடி விடுதி செல்வருக்கும் எழுத்தாளருக்கும் புகலிடமாயிற்று. அங்கு கூடிய மீன்பிடிக் கழகத்தின் முதல் தலைவர் நாவலாசிரியர் சேன் கிறே.

மீன்பிடித்தலைத் தொழிலாக மட்டுமே அறிந்த வாசகருக்கு இவ்விளையாட்டு விந்தையாகவே தோன்றும். பெரும்பாலும் உண்ணப்படாத தாப்பன் மீனுக்காக ஒருவர் நாள் முழுதும் வெயிலிற் காய்வார். மயில்மீன் ஒன்று தூண்டிலிற் சிக்கித் துள்ளும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே படகை வாடகைக்கு அமர்த்துவார். இதனை வெறும் பணக்காரப் பித்து என ஒதுக்குவதும் நேர்மையாகாது. நீண்ட பொறுமையும் கைவலிமையும் மீனின் குணமறியும் நுட்பமும் இதற்கு வேண்டும். ஆயினும் தூண்டில்தடியைப் பிடிப்பவர் ஒருவர். இரை கோத்துப் படகைச் செலுத்துபவர் இன்னொருவர். ஏர்னஸ்ற் ஹெமிங்வேயின் கடல் எழுத்துக்களை இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தில் வைத்துப் படிப்பதே பொருந்தும்.

1928இல் விருந்தாளியாகக் கீ வெஸ்ற்றுக்கு வந்த ஹெமிங்வே அங்கேயே குடியேறினார். 1934இல் புறூக்லினில் கட்டப்பட்ட 'பிலார்' என்ற 38 அடிப் படகுக்கு உரிமையாளரானார். அதே ஆண்டிலேதான் கீ வெஸ்ற் நகரசபை கடனில் மூழ்கிக் கைவிரித்தது. நகரைக் காக்கவந்த அதிகாரிகள் கண்ட வழி, அதனை உல்லாசப் பயணிகளின் ஊராக மாற்றுவது. காணத்தக்கவை என அவர்கள் தொகுத்த 48 இடங்களில் 18ஆவது, ஹெமிங்வேயின் வீடு! அவர் இதனைப் பத்திரிகையில் எழுதி நொந்துகொண்டார். நேற்றைய விருந்தாளிக்கு இன்றைய விருந்தாளியைப் பிடிக்கவில்லைப் போலும்.

1937இல் வெளிவந்த 'இருத்தலும் இல்லாமையும்' என்று பெயர்த்துச் சொல்லத்தக்க நாவலில், படகோட்டியான ஹரி மோர்கனை ஜோன்சன் என்பவன் வாடகைக்கு அமர்த்துகிறான். வாரக்கணக்கில் மீன்பிடித்தும் வித்தை கைவரவில்லை. சொன்னது கேளாமற் பெருமீனொன்றிடம் ஹரியின் தடியையும் சுருளியையும் இழக்கிறான். கணக்கை மறுநாள் தீர்ப்பதாகச் சொன்னவன் விமானமேறி மறைந்துவிடுகிறான். கள்ளக்கடத்தலில் ஹரி வீழ்வது இதன்பின்னரே. ஒருவனுக்கு விடுமுறைக் கதையில் ஒரு வேடிக்கை. மற்றவனுக்கு மனைவி மக்களின் சோறு. நாவலின் பிற்பகுதி சிதறுண்டு போயினும் இத்தொடக்கத்தின் கூர்மை மழுங்கவில்லை.

அதற்கு இரண்டாண்டு முன்னரே உண்மை நிகழ்ச்சியொன்று இவ்வேறுபாட்டை அவருக்குக் காட்டியிருந்தது. 1935 செப்ரெம்பர் 2ஆம் நாள் பெரும் சூறாவளியொன்று மற்றக்கம்பித் தீவுகளைத் தாக்கியது. முதலாம் உலகப்போரிற் போரிட்டு மீண்டு, வேலையற்றுப்போய், பெருந்தெரு அமைக்கும் பணிக்கு அனுப்பப்பட்டிருந்த முன்னாட் படையினர் அங்கே கூடாரங்களிலும் கொட்டில்களிலும் கிடந்தனர். அவர்களை மீட்கத் தாமதித்துப் புறப்பட்ட இரயிலைக் கடல் புரட்டியது. இயந்திரம் மட்டுமே தண்டவாளத்தில் எஞ்சியது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அப்படையினர். லோங் கீ விடுதியும் இரயிற்பாதையும் அழிந்தன.

படகிற் சென்று பிணங்களைக் கண்ட ஹெமிங்வே, 'நியூ மாசஸ்' என்ற இடதுசாரி ஏட்டிற் கொதித்தெழுந்தார். உல்லாசப் படகுக்காரரும் மீன்பிடிக்க வரும் ஜனாதிபதிகளும் சூறாவளி மாதங்களில் இத்தீவுகளை எட்டியும் பார்ப்பதில்லை. அவர்களுடைய உடைமைக்குச் சேதம் வரக்கூடும். முன்னாட் படையினரோ யாருடைய உடைமையுமல்லர். அவர் கூற்றின் சாரம் இது. பனிக்காலக் கடல் ஒரு சாராருக்கு. ஆவணி புரட்டாதிக் கடல் இன்னொரு சாராருக்கு.

1936இல் 'எஸ்குவயர்' சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையொன்றிற் சில வரிகளில் ஒரு செய்தி வருகிறது. கியூபாக் கரைக்கப்பால் தனியே சென்ற முதியவர் ஒருவரை மார்லின் மீன் நெடுந்தூரம் இழுத்துச் செல்கிறது. சுறாக்கள் அதனைத் தின்றுவிடுகின்றன. மீட்கப்பட்டபோது அவர் பாதி பித்தராய் அழுதுகொண்டிருக்கிறார். 1952இல் இதுவே 'கிழவனும் கடலும்' ஆயிற்று. நாவலிற் கிழவர் சந்தியாகோ அவ்வாறு அழுவதில்லை. அந்த அழுகையை ஆசிரியர் சிறுவனிடம் ஒப்படைத்துவிடுகிறார். இது கலைத்திறன் என்பர். வறியவரின் உடைவைக் காண அஞ்சிய ஒரு வீரவழிபாடு என்றும் கொள்ளலாம். இரண்டும் கலந்ததே என்பது பொருத்தமாகும்.

ஆனால் இறுதியில் அவர் உல்லாசப் பயணிகளை மறக்கவில்லை. கரையோர விடுதியிலிருந்து கீழே நோக்கும் ஒருத்தி, அலையில் அசையும் நெடிய முள்ளெலும்பைக் கண்டு, அது என்னவென்று பரிசாரகனிடம் கேட்கிறாள். நடந்ததைச் சொல்ல முயன்ற அவன் வாயிலிருந்து சுறா என்ற சொல்லே முதலில் வருகிறது. சுறாவுக்கு இத்துணை அழகிய வால் உண்டென்பது தெரியாதே என்று அவள் வியக்கிறாள், உடன்வந்தவனும் ஆமோதிக்கிறான். தெருவின் மேற்புறத்துக் குடிசையிற் கிழவர் குப்புறப் படுத்து உறங்கிக்கொண்டிருக்கிறார்.